சிவப்புப் பெட்டிக்குள் போன பேரிங்

எங்கள் கம்பெனி வாசலில் என் கார் நிற்காமல் போன காலையில் அதன் வேகம், ஒரு மனிதர் பின்பக்கமாக நடக்கும் வேகம்தான். இதை நான் அடித்துச் சொல்வேன். காருக்கு நேர் முன்னால் வாட்ச்மேன் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். இடது கையில் பதிவேடு, வாயில் விசில், வலது கை உள்ளங்கையைக் காட்டியபடி உயர்ந்திருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் விலகி நின்றிருந்தால் கார் பாட்டுக்குப் போயிருக்கும். ஆனால் நிறுத்திப் பார்க்காமல் எந்த வண்டியையும் உள்ளே விடக் கூடாது என்பது அவருக்கு இட்ட உத்தரவு. அதனால் நிறுத்தச் சொல்லிக்கொண்டே வழியும் விட்டார்.

நான் பிரேக்கை மிதித்தேன். அது தரை வரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தேன், காற்றை மிதிப்பது போலிருந்தது. ஹேண்ட் பிரேக்கின் கேபிள் அறுந்து இரண்டு வருடமாகிறது, கைப்பிடி மட்டும் பார்வைக்கு இருந்தது. வாசலிலிருந்து உள்ளே லேசான இறக்கம். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவது என் பழக்கம். பதற்றத்தில் கியர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பின்சீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மாதனூரிலிருந்து தினமும் என்னோடு வேலைக்கு வருகிறவர்கள். ஒருத்தியும் கத்தவில்லை. நடுவில் இருந்தவள் மட்டும், நான் கவனிக்கவில்லையோ என்ற அக்கறையில், "அக்கா, அவர் நிக்கச் சொல்றார்" என்றாள்.

தீயணைப்புக்கு வைத்த மணல் வாளிகள் ஒரு வரிசை. கார் முதல் வாளியைத் தள்ளியது, அது இரண்டாவதைத் தள்ளியது, நான்காவது வாளியோடு எல்லாம் நின்றது. வாட்ச்மேன் விசிலை எடுத்துவிட்டு நான் வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு ஆடிட் இல்லாதிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எங்களுடையது பிள்ளைகளுக்கான பூட்ஸ் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. ஆம்பூருக்கு வேலூர்ப் பக்கமாக, நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது. நான் அங்கே பினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருடத்தில் இரண்டு மூன்று முறை ஆடிட்டரை அனுப்புவார்கள். கழிவறையில் சோப்பு இருக்கிறதா, அவசரக் கதவு திறக்கிறதா, வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அன்று வந்த ஆடிட்டர் பெங்களூர்க்காரர். மெலிந்த, மரியாதையான மனிதர். மணல் வாளிகளில் மணல் இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் அந்த நேரத்தில் அங்கே நின்றுகொண்டிருந்தார். இருக்கிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்துவிட்டார். கையிலிருந்த டேப்லெட்டில் நிதானமாக மூன்று படங்கள் எடுத்தார்.

மாலையில் அறிக்கை வந்தது. சோப்பு, கதவு, அடையாள அட்டை எல்லாம் சரி. ஒரே ஒரு குறை: வளாகத்துக்குள் வாகனக் கட்டுப்பாடு இல்லை. முப்பது நாளில் சரிசெய்து, ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். கீழே என் கார் படம். முன்கண்ணாடிக்குப் பின்னால் நான் வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் எச்.ஆர். அதிகாரி கூட்டம் போட்டார். அவரைப் பற்றித் தவறாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எந்தப் படிவத்தையும் ஒரு கட்டம்கூடக் காலியாக விடாமல் நிரப்புகிறவர், அவ்வளவுதான். குறை என்று எது வந்தாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு அடிக்காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வாங்குகிறவர்கள் சொல்லிக்கொடுத்த வழி. வெள்ளைப் பலகையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

கார் ஏன் நிற்கவில்லை? பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் ஏன் பிடிக்கவில்லை? ஆயில் ஒழுகிவிட்டது. ஏன் ஒழுகியது? ரப்பர் பழசு. ரப்பர் ஏன் பழசு? காரே பழசு. பழைய காரை ஏன் இன்னும் ஓட்டுகிறீர்கள்? நான் கொஞ்சம் யோசித்து உண்மையைச் சொன்னேன். அது அப்பா வாங்கிய கார், விற்க விடமாட்டேன் என்கிறார்.

அதிகாரி அதை எழுதி, அடிக்கோடு போட்டார். அடிக்காரணம் என்ற கட்டத்தில் 'தந்தை' என்று நிரப்பினார். பக்கத்துக் கட்டம், நடவடிக்கை. அதில் இரண்டு எழுதினார். ஒன்று, காரின் பிரேக்கைத் தரம் உயர்த்துவது. இரண்டு, தந்தைக்கு விழிப்புணர்வுப் பயிற்சி.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

அப்பா காட்பாடி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது என்னோடும் என் வீட்டுக்காரரோடும் மாதனூரில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு அவரை எந்த அலுவலகமும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

புதன்கிழமை அப்பாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் அவருக்கு விருந்தாளி அட்டை மாட்டிவிட்டார். மீட்டிங் ஹாலில் நாற்பது நாற்காலி, நடுவில் அப்பா ஒருவர். திரையில் ஓடவிட அதிகாரியிடம் இருந்தது தீயணைப்புப் பயிற்சிப் படங்கள் மட்டும்தான். பிரேக்குக்கு ஒன்றும் இல்லை. அதனால் தீ எத்தனை வகைப்படும், எந்தத் தீக்கு எந்தச் சிலிண்டர் என்று ஒரு மணி நேரம் சொன்னார். அப்பா குறிப்பு எடுத்துக்கொண்டார். கடைசியில் கேள்வி உண்டா என்றதும் எழுந்து நின்றார்.

"நாங்க பிரேக் போட்டா சரக்கு வண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் நிக்கும். அதுக்கு யாரும் எங்களுக்குக் கிளாஸ் எடுக்கல. எம் பொண்ணு இருபது அடியில நிறுத்திட்டா. இதுக்கு இன்னா சார் இவ்ளோ பேஜாரு?"

அதிகாரி அந்தக் கேள்வியையும் பதிவு செய்தார். வருகைத் தாளில் கையெழுத்து, ஒரு ஜூஸ், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஆதாரத்துக்குப் போட்டோ. குழுப் படம் என்ற கட்டத்துக்காக அப்பாவை முன்வரிசையில் நடுவில் உட்கார வைத்து எடுத்தார்கள். திரும்பும்போது அப்பா பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, நம் வீட்டு அடுப்படிக்கு எந்தத் தீயணைப்பு சிலிண்டர் சரிப்படும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டாவது நடவடிக்கை அப்படி முடிந்தது. முதலாவதுதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

கம்பெனிக்கு எதிர்ப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் ஒரு பாய் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசினால் அது அந்த வண்டியைப் பற்றிய தீர்ப்பாக இருக்கும். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அவரிடம் விட்டோம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அந்தக் காலத்து ஏற்பாடு. ரப்பரை மாற்றினால் மறுபடி ஒழுகும், முன்பக்கம் இரண்டுக்கும் டிஸ்க் போட்டுவிடலாம், வேறொரு வண்டியின், சக்கரம் மாட்டுகிற ஹப்பும் டிஸ்க்கும் இதற்குப் பொருந்தும் என்றார். சக்கரத்தைக் கழற்றிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னையும் சுற்றச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவது போலக் கரகரவென்றது.

"ரோட்ல போனா உய்யுனு ஒரு சவுண்டு வருமே, கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறேன். ரோடு அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டுப் பெண்களில் ஒருத்தி, ஏசி என்று நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். அந்தக் காரில் ஏசியே கிடையாது.

"வீல் பேரிங் போய்ட்டிருக்குது. பிரேக்கு போட்டு இன்னா பண்றது, சக்கரமே கழண்டு தனியா போய்டும்" என்றார் பாய். எனக்கு அந்தக் காட்சி தெளிவாகத் தெரிந்தது. கார் நிற்கிறது, சக்கரம் மட்டும் வாட்ச்மேனை நோக்கிப் போகிறது.

ஒரு சக்கரத்துக்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு பேரிங். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. வெளியே ஒரு இரும்பு வளையம், அதைக் கப்பு என்கிறார்கள். உள்ளே உருளைகளைச் சுற்றிக் கோத்த பாகம், அது கோன். கப்பை ஹப்பின் உள்ளே இறுக்கமாக இறக்க வேண்டும். பாய் முதல் கப்பைச் சுத்தியலால் தட்டி இறக்கியபோது அது கோணலாகப் போய் விரிசல் விட்டது. புது செட் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது முப்பது நாளில் இருபத்தாறு நாள் போய்விட்டது. இந்தத் தடவை பாய் சுத்தியலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஹப்பைச் சூடு பண்ணினால் விரியும், கப்பைக் குளிர வைத்தால் சுருங்கும், பிறகு விரலால் வைத்தாலே உட்காரும். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால், மாவுக்கும் மீனுக்கும் நடுவில் கிரீஸ் நாற்றம் வரக் கூடாது என்று வீட்டம்மா சொல்லிவிட்டாராம்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கள் லைனில் இரண்டு மெஷின் அடுத்தடுத்து இருக்கிறது. ஒன்று ஹீட் செட்டர். ஷூவைச் சூட்டில் உருவத்துக்குக் கொண்டுவருவது. இன்னொன்று சில்லர், சோல் ஒட்டிய பிறகு ஐஸ் காற்றில் இறுக வைப்பது. ஒன்று சூடாக்கும், ஒன்று குளிர வைக்கும். இரண்டுக்குள்ளும் பெல்ட் ஓடும், ஒரு வாயில் வைத்தால் மறு வாயில் வெளியே வரும். இதைச் சொன்னதும் பாய் முகத்தில் அந்த மாதத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. எச்.ஆர். அதிகாரிக்கு அதைவிட வெளிச்சம். வேலை கம்பெனிக்குள்ளேயே நடந்தால் படம் எடுக்க வசதி என்றார். அன்றே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் தன் குழந்தைக்கு மொட்டை போடச் சோளிங்கர் போகிறேன், நீங்கள் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் பாய் இரண்டு ஹப்பையும் ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். தலைக்கு வலைத் தொப்பி, மேலே வெள்ளைக் கோட்டு. உள்ளே வருகிற யாராக இருந்தாலும் அது கட்டாயம். ஹப்புக்குக் கூடத் தொப்பி வேண்டுமா என்று அவர் கேட்டது கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிறு பூட்ஸுகளுக்கு நடுவில் ஹப்பு ஹீட் செட்டருக்குள் போயிற்று. நாலு கப்பும் சில்லருக்குள் போயின. இடது சக்கரத்து ஹப்பு முதலில் வந்தது. பாய் தடித்த கையுறையோடு அதைப் பலகையில் வைத்து, பனி படர்ந்த கப்பை எடுத்து வைத்தார். டக் என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது. லைனில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடுத்ததும் அப்படியே. வலது ஹப்பில் பெரிய கப்பும் உட்கார்ந்தது. சிறிய கப்பை எடுக்கத் திரும்பினால் அது இல்லை.

சில்லர் வாயில் நின்ற பெண்ணைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆனவள். வளையம் ஒன்று தனியாக வந்ததாகவும், கீழே விழுந்து தொலைந்துவிடக் கூடாதே என்று அடுத்து வந்த பூட்ஸுக்குள் பத்திரமாகப் போட்டு அனுப்பியதாகவும் சொன்னாள். எந்த பூட்ஸ் என்று கேட்டேன். பழுப்பு நிற பூட்ஸ் என்றாள். அன்று முழுவதும் நாங்கள் பழுப்பு நிறம் மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் ஓடினோம். பாய் சூடான ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். பேக்கிங் பக்கம் போய்ச் சேர்வதற்குள் மெட்டல் டிடெக்டர் அலற ஆரம்பித்துவிட்டது.

பிள்ளைகள் போடும் ஷூவில் ஒடிந்த ஊசி முனைகூட இருக்கக் கூடாது. அதனால் பெட்டியில் போவதற்கு முன் ஒவ்வொரு ஜோடியும் டிடெக்டருக்குள் போய் வர வேண்டும். அது பொதுவாக ஒரு பீப் சத்தம் போடும். அன்று போட்ட சத்தத்தை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. ஊசி முனையைத் தேடுவதற்கென்று செய்த மெஷின் அது, பாவம். அங்கே இன்ஸ்பெக்டராக இருந்தவள், காரில் தினமும் என் பின்சீட்டில் நடுவில் உட்காருகிற அதே பெண். நான் போவதற்குள் லைனை நிறுத்தி, அந்த ஜோடியைத் தனியாக எடுத்து, கப்பை வெளியே எடுத்து, சிவப்புப் பெட்டியின் மேல் துளை வழியாக உள்ளே போட்டுவிட்டாள். சிவப்புப் பெட்டி என்பது ஆபத்தான இரும்பைச் சிறை வைக்கும் பெட்டி. எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி எச்.ஆர். அதிகாரியிடம்.

அது என் காருடையது என்று சொன்னேன். அவளுக்கும் தெரியும். கார் ஷெட்டுக்குப் போனதிலிருந்து பஸ்ஸில் தினமும் அதைப் பற்றித்தானே பேசுகிறோம். ஆனாலும் சுவரைக் காட்டினாள். இரும்பு கிடைத்தால் செய்ய வேண்டியவை என்று எட்டு வரி ஒட்டியிருந்தது. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்பது மூன்றாவது வரி.

"நீங்கதான அக்கா தமிழ்ல எழுதி ஒட்டினீங்க" என்றாள்.

உண்மைதான். ஆங்கிலத்தில் 'கேட்பவரின் பதவி எதுவாக இருந்தாலும்' என்று நீட்டி எழுதியிருந்ததை நான்தான் சுருக்கி 'யார் கேட்டாலும்' என்று போட்டேன். நல்ல தமிழ் என்று அப்போது பாராட்டினார்கள்.

எச்.ஆர். அதிகாரிக்குப் போன் போட்டோம். சோளிங்கர் மலையில் படியேறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, பக்கத்தில் குழந்தை அழுதது. வேட்டியில் இருப்பதாகவும் சாவி பேண்ட் பாக்கெட்டிலும் பேண்ட் கீழே லாட்ஜ் அறையிலும் இருப்பதாகவும் நாலைந்து படிக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னார். நாளைக் காலையில் வந்து திறக்கிறேன், அதற்குள் படிவத்தை முழுசாக நிரப்பி வையுங்கள், காலியாக விடாதீர்கள் என்றார்.

படிவத்தில் ஆறாவது கேள்வி: கிடைத்த பொருள் முழுமையாக உள்ளதா? ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைத்ததா என்று பார்ப்பதற்கான கேள்வி அது. அந்த இன்ஸ்பெக்டர் பெண் பேனாவை வைத்துக்கொண்டு பாயிடம் கேட்டாள். பாய் தன் தொழிலில் பொய் சொல்லாதவர். கப்பு மட்டும் பேரிங் ஆகாது, கோன் சேர்ந்தால்தான் பேரிங் என்றார். அவள் 'இல்லை' என்று எழுதினாள். முழுமையாக இல்லையென்றால் மீதித் துண்டுகள் கிடைக்கும்வரை லைன் ஓடக் கூடாது. அது ஐந்தாவது வரி. அதையும் நான்தான் எழுதினேன்.

நூற்றிருபது பேர் வேலை செய்கிற லைன் நின்றுகொண்டிருந்தது. மேலிருந்து ஜி.எம். இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். பாய் ரோட்டைக் கடந்து ஷெட்டுக்குப் போய், கிரீஸ் தடவி வைத்திருந்த கோனைத் தாளில் சுற்றிக் கொண்டு வந்தார். அவள் கையுறை போட்டுக்கொண்டு உருளைகளை எண்ணினாள். எத்தனை இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இருந்ததை எண்ணி எழுதினாள். பிறகு 'முழுமையாக உள்ளது' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோனையும் சிவப்புப் பெட்டியின் மேல் துளை வழியாகப் போட்டுவிட்டாள்.

உள்ளே கப்பின் மேல் கோன் விழுந்த சத்தம் கேட்டது.

பாய் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப நான் போய்க் காரையும் எடுத்துட்டு வந்தா, அதையும் இதுல போட்டுருவீங்களா மேடம்?"

அவள் துளையின் அளவைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஷூ ரேக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று சந்தேகம் வந்து சில்லர்ப் பெண் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். உன் மேல் தப்பில்லை, பத்திரமாகத்தானே வைத்தாய் என்று சொன்னேன். அது உண்மையும்கூட. அன்று அந்தக் கட்டடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்யாதவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், என்னைத் தவிர யாரையும் காட்ட முடியாது.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். அவரும் மொட்டை போட்டிருந்தார். நெற்றியிலும் தலையிலும் சந்தனம். பெட்டியைத் திறந்தார். கிடைத்த இரும்பைப் பதிவேட்டில் செல்லோடேப்பால் ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஊசிமுனைகளுக்காகச் செய்த பதிவேடு அது, பக்கம் பக்கமாகப் பொடிப்பொடி ஊசிகள். பேரிங்கை ஒட்டினால் நோட்டை மூட முடியவில்லை. மூடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் ஒரு நிமிடம் யோசித்தார். கடைசியில் கப்பைத் தாளின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, உள்ளே 'உண்மை அளவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடப் பாய் மறுத்துவிட்டார். கார் என்னுடையதல்ல என்றார். நான் போட்டேன்.

கப்பு மறுபடி சில்லருக்குள் போயிற்று. இந்தத் தடவை மறுபக்கத்தில் நானே கை நீட்டி நின்றேன்.

இருபத்தொன்பதாம் நாள் கார் தயார். ஆதாரத்துக்கு ஒரு சோதனை வைக்க வேண்டும், அதே இடம், அதே எடை, அதே ஆட்கள் என்று அதிகாரி சொன்னார். மூன்று பெண்களும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வாளிகளை வரிசையாக வைத்தார்கள். வாட்ச்மேன் கையை உயர்த்தி நின்றார். நான் பிரேக்கை மெல்லத்தான் தொட்டேன். கார் வாசலிலேயே, அவருக்கு முப்பது அடி முன்னால், தலையைக் குனிந்து நின்றுவிட்டது. பின்சீட்டிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் முன்னால் வந்து விழுந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதிகாரிக்குப் படம் சரியாக வரவில்லை. கார் ஒரு மூலையில், வாட்ச்மேன் மறு மூலையில், நடுவில் வெறும் தரை. இதைப் பார்த்தால் ஆடிட்டர் எதை நம்புவார்? கொஞ்சம் கிட்ட வந்து நிறுத்துங்கள் என்றார். வந்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். நான் அருகில் வர வர வாட்ச்மேன் பின்பக்கமாக நடந்தார். நிற்கச் சொன்னால் நிற்பதாகச் சொல்கிறார், கார் நகர்ந்ததும் அவர் கால் தானாக நகர்கிறது. ஐந்தாவது தடவை அவரை மணல் வாளி மேல் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஏதோ குடும்ப விசேஷத்துக்குப் போய் வழியில் இளைப்பாறுவது போல இருந்தோம்.

அறிக்கை போயிற்று. பத்து நாள் கழித்துக் குறை தீர்ந்ததாக ஒரு வரியில் பதில் வந்தது. அப்பாவின் பயிற்சியை மட்டும் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

சோதனை நடந்த அன்று மாலை நாங்கள் நாலு பேரும் வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற ஓரமாக நின்றது. நானும் மிதித்தேன், கார் அந்த இடத்திலேயே நின்றது. பின்னால் வந்த மொபெட் நிற்கவில்லை. பம்பரில் மெல்ல ஒரு இடி. இறங்கிப் பார்த்தால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், காலை ஊன்றி வண்டியை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அடிபடவில்லை. பின்னால் கட்டியிருந்த மூட்டை மட்டும் அவிழ்ந்து, கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுத் தோல் ரோட்டோரம் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"இவ்ளோ சீக்கிரம் நின்னா எப்டி மேடம், பின்னால வர்றவங்களும் மனுசங்கதானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் கேட்பவர் போலத்தான் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. பின்சீட்டுப் பெண்கள் மூவரும் அதற்குள் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். பொறுக்கினார்கள் என்றால் சும்மா அள்ளவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மடித்துப் பார்த்து, விரலால் தேய்த்தார்கள். நடுவில் உட்காருகிறவள் ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்து அவரிடம் நீட்டி, இது ஆட்டுத் தோல், மேல்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை, இதைப் போய் கழிவோடு ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டாள். அவர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். பஸ் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியும் நாங்கள் அங்கேதான் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, நல்லதை ஒரு பக்கம், மட்டத்தை ஒரு பக்கம் என்று அவருடைய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.